அந்த எட்டு பாட்டில்களை மறுபடி திற

கலைச்செல்வி,

திங்கட்கிழமை காலையில் நீ உன் புது சாப்பாட்டுக் கடையின் ஒயின் பட்டியலை அச்சுக்கு அனுப்பப் போகிறாய். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே சொல்லி எழுத வைக்கிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். எனக்கு வாசனை தெரிவதில்லை. தை மாதம் வந்த காய்ச்சலில் போனது, இன்னும் திரும்பவில்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. உன் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு ஒயினில் நாலுதான் காய்ச்சலுக்கு முன்னால் நான் ருசி பார்த்துச் சொன்னவை. மற்ற எட்டையும் மூக்கில்லாமல்தான் 'நல்லாயிருக்கு' என்று சொன்னேன். அந்த எட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை நீ டைல்ஸ் போடுகிறவரோடு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை, "அப்பா, சப்ளையர்கிட்ட சொல்லிட்டேன், எங்கப்பா மூக்கு இருக்கிற வரைக்கும் என்னை யாரும் பாகல் ஆக்க முடியாது, ஏமாத்த முடியாதுன்னு" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. மூன்றாம் தடவை நீ போனை எடுத்ததும் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எழுதுகிறவர் லக்ஷ்மிபாய் நகர் வேங்கடராமன் சார். ரிட்டையர் ஆகி மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். எனக்கு எழுத்து வராது என்பதால் முப்பது வருஷமாக என் கடிதாசிகளெல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகின்றன. இன்றைக்கு முதல் பத்தி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்யா, வெத்தலை பாக்குகூடப் போடாத மனுஷன் நான். என்னைச் சாராய லிஸ்ட் எழுத வெச்சுட்டியே" என்றார். "சாராயம் இல்ல சார், திராட்சை" என்றேன். "திராட்சையை நான் பாயசத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு எழுதத்தான் செய்கிறார். இதை டெல்லித் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடலாமா என்று கேட்கிறார். வீட்டில் பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் எதையோ வைத்துக்கொண்டிருக்கிற வேறு அப்பன்களும் இருப்பார்களாம். நீ படித்து, சரி என்று சொன்னால் போடட்டும். மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்ததற்கு நீ எத்தனை நாள் அழுதாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கு நான் சொல்வதை அடுத்தவர் வாயால் கேட்காமல் நீயே படிக்க முடிகிறதே, அந்த மட்டுக்கும் நல்லது.

சாணக்கியபுரியில் அந்த ஐரோப்பியத் தூதர் வீட்டில் நான் விருந்து பரிமாறும் பேரராக இருந்தது உனக்குத் தெரியும். ஒயினை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. விருந்து முடிந்து தட்டெல்லாம் சமையலறையை ஒட்டிய பேன்ட்ரிக்கு வந்த பிறகு, பாட்டில்களின் அடியில் இரண்டு விரல்கடை ஒயின் மிஞ்சியிருக்கும். தலைமைப் பேரர் நேகி ஜி, கட்வால் மலைக்காரர், ஒரு சட்டம் வைத்திருந்தார். "பீயோ மத், சக்கோ" என்பார். குடிக்காதே, ருசி மட்டும் பார். கெட்டுப்போன பாட்டிலை மேஜைக்குக் கொண்டு போகாமல் இருக்க அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற பேரர்களுக்கு லேபிள் படிக்கத் தெரியும். அவர்கள் பெரிய பேர் உள்ள பாட்டிலின் அடியைத்தான் முதலில் எடுப்பார்கள். பொர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். எனக்கு விட்டது மிச்சம்: யாரும் கேள்விப்படாத ஊர்களின் பாட்டில்கள். அதைத்தான் வருஷக்கணக்கில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். பேரைப் படிக்க முடியாததால் நானே பேர் வைத்தேன். ஒன்று நாவல்பழம், ஒன்று புதுச் செருப்பு, ஒன்று தண்ணீர் தெளித்த கரியடுப்பு. எப்போதாவது நேகி ஜி பெரிய பேருள்ளதிலும் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுப்பார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பல நாள், "இதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். வாய் திறந்து சொல்ல மாட்டேன். படிக்காதவனுக்கு என்ன தெரியும் என்பார்கள்.

ஒரு டிசம்பர் மாதம், விருந்து எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, தூதரின் மனைவி பேன்ட்ரிக்கு வந்தார். நாங்கள் மேடம் என்போம். அந்த அம்மாளுக்கு உடைந்த இந்தி வரும். இரண்டு கிளாஸை என் முன்னால் வைத்து, "சக்கோ. சச் போலோ" என்றார். ருசி பார், உண்மையைச் சொல் என்று அர்த்தம். இரண்டையும் பார்த்தேன். முதலாவது கெட்டியாக, மரப்பெட்டி வாசனையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. இரண்டாவது லேசாக, நாவல்பழமும் மிளகுமாக, இன்னொரு வாய் கேட்டது. இரண்டாவதைத் தொட்டுக் காட்டினேன். மேடம் கையைத் தட்டிச் சிரித்தார். அது அவருடைய மாமா வீட்டுத் தோட்டத்து ஒயின். பேர்பெற்ற ஊருக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குன்று. அதே வெயில், அதே மழை, கிட்டத்தட்ட அதே மண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேர் இல்லை, அவ்வளவுதான். "சாஹிப் மெஹ்மான் கே லியே வோ, கர் மே யே" என்றார். விருந்தாளிக்கு அது, வீட்டில் நாங்கள் குடிப்பது இது.

நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், "எதை வெச்சுப்பா தேடுறது?" என்று. எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பேர்பெற்ற ஊரைப் பார். பிறகு அதன் பக்கத்து ஊரைக் கேள். ஒயின் விளையும் நாட்டுக்காரர் யாராவது உன் கடைக்கு வந்தால், உங்கள் நாட்டில் சிறந்தது எது என்று கேட்காதே, அவர் பெரிய பேரைத்தான் சொல்வார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா வீட்டில் என்ன குடிப்பீர்கள் என்று கேள். பிரான்சில் பொர்தோவை விட்டுத் தெற்கே கடலோரம் இறங்கு. ஸ்பெயினில் குமிழி வரும் ஒயினை ஷாம்பெய்ன் மாதிரியே பாட்டிலுக்குள் வைத்துத்தான் பொங்க வைக்கிறார்கள். பேருக்குக் கொடுக்கிற காசு மிச்சம். போர்ச்சுகலில் திராட்சை வகைகளின் பேர் நம் வாயில் நுழையாது, அதனாலேயே யாரும் கேட்பதில்லை, அதனாலேயே மலிவு. நம் நாசிக்கையும் விட்டுவிடாதே. ஆனால் ஒன்று. பேர் தெரியாத ஊர் என்பதாலேயே நல்லது என்று நினைத்துவிடாதே. நான் நினைத்தேன். நேகி ஜி ரிட்டையர் ஆன நாளில், ஒருவரும் கேள்விப்படாத ஊர் என்று கர்வத்தோடு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். திறந்து ஊற்றினால் ஊறுகாய் போடலாம் போலப் புளிப்பு. அவர் முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு, "அச்சா ஹை, பேட்டா" என்றார், நன்றாயிருக்கிறதாம். அவர் போன பிறகுதான் எனக்கே ஊற்றிப் பார்த்தேன். மனசு நோகக் கூடாது என்று சொல்லும் பொய்யை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது.

மறு பாதி டெல்லியின் வெயில். இது புத்தகத்தில் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் குளிர்ந்த ஊர்களில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மே மாதத்தில் கடை ஜன்னலில் நிற்கிற பாட்டில் உள்ளேயே வெந்துவிடும். எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் அதற்குப் பிறகு அது வேகவைத்த பழரசம்தான். விலை உயர்ந்ததுதான் இங்கே அதிகம் கெடுகிறது, ஏனென்றால் அதை வாங்க ஆள் இல்லாமல் இரண்டு கோடைக்கு அலமாரியிலேயே நிற்கிறது. மலிவானது வந்த வேகத்தில் போய்விடும். ஆகவே பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூடியின் மேல் கட்டை விரலை வை. தக்கை மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தால், கழுத்தோரம் ஒட்டுகிற மாதிரி கசிந்திருந்தால், கீழே வைத்துவிடு. கழுத்தில் ஒயின் எந்த மட்டம் வரை நிற்கிறது என்று பக்கத்துப் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார். குளிர்காலத்தில் வந்து இறங்கியதா, கோடையில் லாரியில் வந்ததா என்று சப்ளையரைக் கேள். பதில் சொல்ல யோசித்தால் அதுவே பதில்.

சாப்பாட்டையும் மறந்துவிடாதே. உன் கடையில் ஆத்தூர்ப் பக்கத்துக் கறிக்குழம்பும் மிளகு வறுவலும் போடப் போகிறாய். புளிக்கும் மிளகுக்கும் முன்னால் அந்த மரப்பெட்டி வாசனைக்கார ஒயின் வாயைப் பிடித்துக் கசக்கும். லேசாக, புளிப்பாக, சற்றுக் குளிரவைத்துக் கொடுப்பதுதான் நம் குழம்போடு ஒத்துப்போகும். அவை பெரும்பாலும் விலை குறைந்தவைதான். உன் வீட்டுக்காரர் ரோஹித் அன்றைக்கு, "அப்பா ஜி, மேலே ஏக் தோ படா நாம், பெரிய பேரு இருக்கட்டுமே, ஆளுங்க அதைப் பாத்துதான் உள்ள வருவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நீதான் விடவில்லை. "அப்பா சொன்னதுதான், பஸ், அவ்வளவுதான்" என்றாய். பட்டியலுக்குத் தலைப்பே 'அப்பாவின் பன்னிரண்டு' என்று வைத்தாய். அன்றைக்கு எனக்கு நெஞ்சு எவ்வளவு நிறைந்ததோ, இப்போது அவ்வளவு கனக்கிறது.

காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சமையலறை ஜன்னலோரம், அடுப்புக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். உன் அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் பால் சுண்டிக் கருகி, பாத்திரத்தின் அடி பற்றிக்கொண்டிருந்தது. நான் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "ஏங்க, வீட்டைக் கொளுத்தினாலும் இப்படியே உக்காந்திருப்பீங்களா?" என்று கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். "எத்தனை நாளா?" என்றாள். "சரியாயிடும்" என்றேன். சரியாகவில்லை. டாக்டரிடம் போனோம். வயசு, காய்ச்சல், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இது உனக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அதற்கு அவள், "முப்பது வருஷம் வாயைக் கொப்புளிச்சுட்டு உள்ள வாங்கன்னு நான் கத்துனப்பல்லாம் என் வேலையே மூக்குலதான்னு பெருமை பேசினீங்க. இப்ப மூக்கில்லாம எப்படிப் பொழைப்பீங்கன்னு பாக்கிறேன்" என்றாள். கேலிதான். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசத்தில் வழக்கத்தைவிட உப்பும் புளியும் தூக்கலாக இருந்தன. ரசத்தில் எனக்கு இன்னும் தெரிவது அவை இரண்டும்தானே.

பிழைக்க வழி இருந்தது, அதுதான் ஆபத்து. எனக்கு ஞாபகம் போகவில்லை. நீ ஒரு பாட்டிலை எடுத்து, "இது போர்ச்சுகல்பா, சிவப்பு" என்பாய். போர்ச்சுகல் சிவப்பு எப்படி இருக்கும் என்று பேன்ட்ரிக் காலத்திலிருந்து என் தலைக்குள் இருக்கிறது. கிளாஸைச் சுழற்றுவேன், கண்ணை மூடுவேன், தலைக்குள் இருப்பதை எடுத்துச் சொல்லுவேன். "காய்ஞ்ச அத்திப்பழம், கொஞ்சம் புகையிலை" என்பேன். நீ எழுதிக்கொள்வாய். கிளாஸுக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை கண்ணு. நீ என்னைக் கேட்பது நின்றுவிட்டால் பிறகு நான் எதற்கு என்று தோன்றியது. அவ்வளவுதான், வேறு காரணம் தேடாதே.

ஜூன் மாதம் நடந்ததை நீ மறந்திருப்பாய். கடையில் அப்போது ஏ.சி. மாட்டியிருக்கவில்லை. நீ, நான், ரோஹித், சப்ளையர் அனுப்பிய ஆள். அந்தப் போர்ச்சுகல் பாட்டிலைத் திறந்தோம். முதல் வாயிலேயே நீ முகத்தைச் சுளித்தாய். "அப்பா, வெந்த மாதிரி இல்ல?" என்றாய். சப்ளையர் ஆள் என்னைப் பார்த்தார். ரோஹித் என்னைப் பார்த்தார். நான் கிளாஸை மூக்கில் வைத்துக்கொண்டு, வெறும் காற்றை இழுத்து, "இல்ல கண்ணு, அந்த ஊர் வெயில் அப்படி. நல்லாயிருக்கு" என்றேன். நீ மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தாய். உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சந்தேகம் மெல்ல உன் பக்கமே திரும்பியது. "ஆமா, எனக்குத்தான் தெரியலை போல" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாய். சாயங்காலம் நீங்கள் போன பிறகு, பாட்டிலைக் கழுவப் போகிறவனைப் போல எடுத்து, குப்பையில் கிடந்த தக்கையைத் தேடிப் பார்த்தேன். ஓரம் முழுக்க ஒயின் ஏறி, ஒரு பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்தது. அது வெந்த பாட்டில்தான். நீ சொன்னதுதான் சரி. எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் சொல்லவில்லை.

இதை இங்கே எழுதும்போது வேங்கடராமன் சார் பேனாவை நிறுத்திவிட்டார். "இதையும் எழுதணுமாய்யா?" என்றார். "இதுக்காகத்தான் சார் மத்ததெல்லாம்" என்றேன்.

இன்னொன்றும் எழுதச் சொன்னேன். உனக்கு ஒன்பது வயசு. மோதி பாக் குவார்ட்டர்ஸில், ஒரு காலை, பாலை வாயில் வைத்ததும் துப்பிவிட்டாய். "மண்ணெண்ணெய் நாத்தம்" என்றாய். உன் அம்மா குடித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றாள். நான் குடித்தேன், எனக்கும் தெரியவில்லை. அப்போது என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று முதுகில் ஒன்று வைத்து, கிளாஸ் முழுவதையும் குடிக்க வைத்தேன். நீ வாசல்படியில் வாந்தி எடுத்தாய். மறுநாள் பால்காரர் ராம்பால் பையா தானாகவே சொன்னார், ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய டப்பாவைப் பால் கேனோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன், யாருக்காவது வாசனை வந்ததா என்று. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று நீ கேட்கவும் இல்லை. தூதர் வீட்டில் அத்தனை பேர் மத்தியில் நான் காணாத மூக்கு என் வீட்டிலேயே இருந்தது. நான் அதை இரண்டு தடவை அடக்கியிருக்கிறேன், ஒரு தடவை கையால், ஒரு தடவை வாயால்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. தென் ஆப்பிரிக்க வெள்ளை, ஸ்பெயினின் குமிழி ஒயின், பிரான்சின் தெற்குச் சிவப்பு, நாசிக் வெள்ளை, இந்த நாலும் இருக்கட்டும். இவை காய்ச்சலுக்கு முன்னால் நான் பார்த்தவை. சந்தேகம் இருந்தால் இவற்றையும் திற. போர்ச்சுகலைச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பு, வேறு பெட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் புது பாட்டில் கேள். அந்த ஊர் நல்ல ஊர், அந்தப் பாட்டில்தான் கெட்டது. தலைப்பிலிருந்து என் பேரை எடுத்துவிடு. ரோஹித்திடம் இந்தக் கடிதத்தை இந்தியில் படித்துக் காட்டு. ஜூன் மாதம் நீ சொன்னது சரி என்று அவருக்கும் தெரிய வேண்டும். உனக்கு என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. ஒரு நாள் முழுக்கக்கூடக் கோபமாக இரு. ஆனால் கோபத்தில் பட்டியலை அப்படியே அனுப்பிவிடாதே, அது உன் கடை.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். உன் அம்மாவும் வருவாள், நான் மறுபடி ஏதாவது உளறினால் பிடிப்பதற்காம். எட்டையும் செய்தித்தாளில் சுற்றி வைக்கிறேன். எது எந்த ஊர் என்று உனக்கும் தெரியாது, லேபிள் படிக்க வராத எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் உனக்குத் தோன்றியதைச் சொல், ரோஹித் எழுதிக்கொள்ளட்டும். நடுவில் என்னைத் திரும்பிப் பார்க்காதே. மூன்று தேறினாலும் சரி, ஒன்றும் தேறாவிட்டாலும் சரி. நாலு ஒயினோடு கடை திறப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. காலையில் காபி குடிக்காதே, பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன். என் கை இன்னும் நடுங்கவில்லை. ஊற்றுவது நான். சொல்வது நீ.

உன் அப்பா